வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்

விற்கிற பொருளை, கொடுக்கிற சேவையை எப்படிப் பயன்படுத்துவது என்று வாங்குகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு தொழில்தான். நிறுவனங்கள் அதற்கு வாடிக்கையாளர் கல்வி என்று பெயர் வைத்திருக்கின்றன. நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன். என் துறை நிதி: சேமிப்புக் கணக்கு, லோன், லீசிங், போனில் காசு அனுப்புவது, வாங்குவது. என் வகுப்பறை எங்கள் கரை. மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்குகிற பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பிரதான வீதியோடு அது தெற்கே போகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் அடிக்கடி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி? வீடியோ நல்லதா, நேரில் போவது நல்லதா? மேலிடத்துக்கு எதைக் காட்டுவது? போனில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஓர் ஒழுங்கில் எழுதி வைக்கிறேன்.

என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. நம்மிடம் பாடம் கேட்டவர், தனக்குத் தேவையில்லாதது எதிரே வரும்போது "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவராக வீடு போக வேண்டும். அதை விற்பவர்கள் நாமாகவே இருந்தாலும் சரி. அந்தத் துணிவைக் கொடுக்காத திட்டத்தை விளம்பரம் என்று அழைப்பதே நேர்மை.

தையல் மெஷினோடு வந்த பாடம்

சிங்கர் கம்பனி இலங்கையில் கடை திறந்தது 1877இல். தையல் மெஷின் அன்றைக்குப் பெரிய விலை. வாங்கினாலும் ஓட்டத் தெரியாது. சிங்கர் உலகம் முழுக்க இரண்டு வழிகளைக் கையாண்டது: தவணைக்குக் கொடுத்தது, தைக்கவும் கற்றுக்கொடுத்தது. எங்கள் ஊர்களில் உம்மாமார் தையல் பழகி, அந்த ஒரு மெஷினை வைத்தே பிள்ளைகளை ஆளாக்கிய வீடுகள் எத்தனையோ. படித்த தொழில், தவணை கட்டி முடிந்த பிறகும் கையில் நின்றது. நல்ல வாடிக்கையாளர் கல்விக்கு அதைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மென்பொருள் கம்பனிகள் அதே வழியை இணையத்தில் பெரிதாக்கின. 2012இல் ஹப்ஸ்பொட் அகடமி, 2014இல் சேல்ஸ்போர்ஸின் ட்ரெயில்ஹெட் என்று இலவசப் பாடங்களும் சான்றிதழ்களும் வந்தன. பாடம் படித்த வாடிக்கையாளர் உதவி கேட்டு அழைப்பது குறையும், விட்டுப் போவதும் குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதைப் பார்த்து வங்கி, காப்புறுதி, தொலைபேசி என்று எல்லாத் துறைகளும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன.

எங்கள் துறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு வங்கிக் கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்து, "இந்த நம்பர் பிழை, திருத்திக் கொண்டு வாங்க" என்பார். இன்று நம்பரை அடிப்பவர், சரிபார்ப்பவர், அனுப்புபவர் எல்லாம் வாடிக்கையாளரே. ஓர் இலக்கம் மாறினால் அலைச்சலும் அவருக்கே. உலக வங்கியின் 2021 ஆய்வின்படி இலங்கையில் வயதுவந்தோரில் 10 பேருக்குக் கிட்டத்தட்ட 9 பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே திறந்த கணக்கைப் பாதுகாப்பாகக் கையாள வைப்பதுதான் இன்று எங்கள் தலையில் இருக்கிற பொறுப்பு.

ஆசிரியர் இல்லாமல் நாடே படித்த பாடம்

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டை நம்பர், வாகன நம்பர், செசி நம்பர் எல்லாம் அடித்துப் பதிந்தால் ஒரு கியூஆர் வரும். அதைக் காட்டினால் ஆரம்பத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். 2023 செப்டெம்பர் வரை அந்த முறை நடந்தது.

அதற்கு யாரும் மண்டபம் எடுத்து வகுப்பு வைக்கவில்லை. ஆனாலும் சில கிழமைகளுக்குள் வேளாண்மைக்காரர், மீன் வியாபாரி, ஓட்டோ ஓட்டுபவர் என்று எல்லாரும் கியூஆர் காட்டப் பழகிவிட்டார்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவர் அதை அச்சடித்து லெமினேட் பண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொம்யூனிகேஷன் கடைகளில் இருந்த பொடியன்மார் ஊருக்கெல்லாம் பதிந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மகள் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்; அவர் தன் கூட்டாளிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதோடு கடையில் காசு கொடுக்கிற லங்காகியூஆரை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கான தரத்தை மத்திய வங்கி 2018இலேயே வெளியிட்டுவிட்டது. விளம்பரம், ஸ்டிக்கர், கூட்டம் எல்லாம் நடந்தன. ஆனாலும் எங்கள் சந்தைகளில் அது எரிபொருள் கியூஆர் போல வேகமாக ஓடவில்லை. வாங்குகிறவருக்குத் தாள் காசைக் கொடுத்தாலே வேலை முடிகிறது. கடைக்காரருக்கோ கட்டணம் பற்றிய யோசனை, காசு எப்போது கைக்கு வரும் என்ற யோசனை. இரண்டு பக்கமும் அவசரம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பாடமும் தூங்கிப்போகும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மூன்று விஷயங்கள் தெளிவாகின. பயன் கண்ணெதிரே இருந்தால் வயதும் படிப்பும் தடையாவதில்லை. ஊருக்குள் ஏற்கெனவே நம்பப்படுகிற ஆள்தான் மிகச் சிறந்த ஆசிரியர். போனில் மட்டும் நடக்கிற பாடத்துக்கு, கையில் பிடிக்கிற ஒரு தாள் வடிவமும் வேண்டும். எங்கள் திட்டத்தில் கொம்யூனிகேஷன் கடைக்காரர்களை முதலில் உட்கார வைத்துக் கதைக்க நான் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சாரனும் சிலிப்பும்

மருதமுனை கைத்தறிக்குப் பேர் போன ஊர். முன்பு சாரனும் சாரியும் வியாபாரிகள் கையால் வெளியூர் போயின. இப்போது வீட்டில் இருக்கிற பெண்களே வட்ஸ்அப்பில் படம் போட்டுக் கூரியரில் அனுப்புகிறார்கள். அப்படி விற்கிற ஒரு ராத்தா, ஒரு பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். தூர ஊர்க்காரர் ஒருவர் நிறையச் சாரன் கேட்டிருக்கிறார். காசு போட்டதாகச் சிலிப்பின் படத்தையும் அனுப்பிவிட்டார். எடுத்துப்போக ஒரு ஓட்டோ வாசலில் நிற்கிறது.

"அவசரப்படுறாங்க தம்பி. குடுத்து விடவா?"

"சல்லி வந்துட்டா ராத்தா?"

"சிலிப்புல இரிக்கே."

"சிலிப்ப விடுங்க. ஒங்கட கணக்குல இரிக்கா?"

ராத்தாவின் கணக்கோடு இணைத்திருந்த நம்பர் கட்டாரில் வேலை செய்கிற கணவருடையது. எஸ்எம்எஸ் வந்தால் அங்கேதான் வரும். அவர் வேலையில் இருந்ததால் போன் எடுக்கவில்லை. "அவர் எடுக்கும் மட்டும் ஓட்டோவ நிக்கச் சொல்லுங்க, நிக்கேலாட்டி போகச் சொல்லுங்க" என்றேன். ஓட்டோ போய்விட்டது. இரவு கணவர் பார்த்தபோது கணக்கில் ஒரு சதமும் வந்திருக்கவில்லை. காசு போட்டதாகச் சொன்னவரின் நம்பரும் அதன் பிறகு வேலை செய்யவில்லை.

இங்கே பாடம் நடத்துகிறவர் தெரிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு இரண்டு பாதைகளில் போகிறது. 2015இல் வந்த செஃப்ட்ஸ் வழியில் அனுப்பினால் அந்த நிமிடமே சேர்ந்துவிடும். பழைய ஸ்லிப்ஸ் வழியில் தொகுதி தொகுதியாகப் போவதால் நேரம் எடுக்கும். வங்கி விடுமுறை என்றால் நின்றுவிடும். அதனால் "சிலிப் சரி, காசு நாளைக்கு வரும்" என்பது சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். ஏமாற்றுகிறவன் ஒளிந்துகொள்வது அந்தச் சந்தேகத்துக்குள்தான்.

ராத்தாவுக்கு இந்த இரண்டு பாதைகளையும் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவருக்கு ஒரு வரி போதும்: என் கணக்கில் காசைப் பார்க்காமல் பொருள் வாசல் தாண்டாது. உண்மையான வாடிக்கையாளர் நாளைவரை பொறுப்பார். நுட்பம் எங்கள் தலையில் இருக்கட்டும். அவர் கையில் ஒரு விதி இருக்கட்டும்.

எந்த நேரத்தில் சொன்னால் ஒட்டும்

நுட்ப விளக்கத்தைவிட நேரத்தோடு சொன்ன ஓர் எளிய விதி உதவும் என்பதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. 2014இல் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் என்ற மூவர், நிதிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் அந்தப் பாடங்களால் விளக்க முடிந்தது. நீண்ட நேரப் பாடங்களின் தாக்கமும் 20 மாதங்களில் கரைந்துபோனது. முடிவெடுக்கிற நேரத்துக்கு மிக அருகில் பாடம் வர வேண்டும் என்பது அவர்களின் யோசனை.

2022இல் கைசரும் அவரோடு சேர்ந்தவர்களும் 76 சோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. நிதிக் கல்வி அறிவையும் நடத்தையையும் மாற்றத்தான் செய்கிறது என்று அது காட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், பாடம் வீணல்ல, ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அந்த 'எப்படி'க்கு டொமினிக்கன் குடியரசில் நடந்த ஒரு சோதனை நல்ல பதில் தருகிறது. சிறுதொழில் செய்கிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் கணக்கியல் முறைப்படி பாடம் நடத்தினார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சில எளிய விதிகளை மட்டும் சொன்னார்கள்: கடைக்காசை ஒரு லாச்சியிலும் வீட்டுக்காசை இன்னொரு லாச்சியிலும் வையுங்கள் என்கிற மாதிரி. 2014இல் வெளிவந்த முடிவுகளின்படி எளிய விதி கேட்டவர்களின் கணக்கு வழக்குத்தான் திருந்தியது. கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மூன்று மணித்தியால வகுப்பைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். லோன் பாடம் லோன் படிவம் எடுக்கிற அன்று. ஏடிஎம் பாடம் அட்டை கைக்கு வருகிற அன்று. நகை அடகுப் பாடம் அறுவடைக்கு முன்னால் காசுத் தட்டுப்பாடு வருகிற மாதத்தில்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையை அடித்துப் போட்ட பிறகு, பயிற்சிப் பட்டறைகள் பல வருடங்கள் ஓயாமல் நடந்தன. வரவுப் புத்தகத்தில் கையெழுத்து, ஒரு படம், ஒரு சாப்பாட்டுப் பார்சல். இந்தச் சனத்துக்குக் கூட்டம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். மரியாதைக்கு வருவார்கள், அமைதியாகக் கேட்பார்கள், போய்விடுவார்கள். அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வராதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. காலையில் வகுப்பு வைத்தால் கடலுக்குப் போய்வந்தவர் தூக்கத்தில் இருப்பார். பின்னேரம் வைத்தால் பிள்ளைகளை ரியூஷனுக்குக் கொண்டுபோகிற உம்மாமார் வர முடியாது. மண்டபத்தில் முன்வரிசையில் ஆண்கள் இருந்தால் பின்வரிசைப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் வளைகுடாவிலிருந்து வருகிற காசை எடுத்து, சீட்டுக் கட்டி, கரண்ட் பில் கட்டி, வீட்டை நடத்துகிறவர்கள் அந்தப் பின்வரிசைப் பெண்கள்தான்.

எங்களுக்குப் பலன் கொடுத்தது வீட்டு முற்றம். அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வளவில் ஆறேழு பெண்கள், அவரவர் போனோடு. முதலில் செய்ய வைப்பது ஒரே வேலை: வங்கியில் பதிந்திருக்கிற நம்பர் யாருடையது என்று பார்ப்பது. வெளிநாட்டில் இருக்கிற கணவர், கல்யாணமாகிப் போன மகன், தொலைந்துபோன பழைய சிம் என்று எல்லா வகையும் வெளியே வரும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஆயிரம் தடவை சொல்கிறோம். அந்த ஓடிபி அவர் கைக்கே வருவதில்லை என்பது இப்படி உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

லோன் பற்றிய வகுப்பில் நான் பலகையில் எழுதுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு இலட்சம் ரூபா கடன். வருடத்துக்கு 20 சதவீதம் ஃபிளாட் ரேட். 12 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். மொத்தம் 120,000 ரூபா, மாதம் 10,000 ரூபா. கேட்கிறவருக்கு 20 சதவீதம் என்றே தோன்றும். ஆனால் முதல் மாதமே நீங்கள் முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள். ஆறாம் மாதத்தில் கையில் இருக்கிற கடன் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. வட்டியோ முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து போகிற நிலுவைக்குப் பார்த்தால் வருட வட்டி ஏறத்தாழ 35 சதவீதம். பலகையில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது முற்றத்தில் எழுகிற பேச்சுச் சத்தம்தான் எனக்கு உண்மையான வகுப்பு.

நுண்கடன் எத்தனை வீடுகளை நெரித்தது என்பது கிழக்கில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடன்களைக் கொடுத்தவர்களும் கூட்டம் வைத்துத்தான் கொடுத்தார்கள். தவணையை எந்த நாளில் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்த அந்தக் கூட்டங்களில், இந்தக் கடன் உங்களுக்குத் தாங்குமா என்ற கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

முஸ்லிம் ஊர்களில் இன்னொரு பாடமும் தேவைப்படுகிறது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி பிறந்தது. முழுக்க அந்த முறையிலேயே இயங்கும் அமானா வங்கி 2011இல் வந்தது. இன்று பல நிறுவனங்களில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. "பேர்தான் வேற, வட்டிதானே காக்கா?" என்று கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். அது மார்க்கத்தையும் பணத்தையும் சேர்த்து யோசிக்கிற கேள்வி. முராபஹாவில் நிறுவனம் பொருளைத் தான் வாங்கி, இலாபம் வைத்து, உங்களுக்குத் தவணைக்கு விற்கிறது. அப்படியென்றால் கேளுங்கள்: எனக்கு விற்பதற்கு முன் பொருள் உங்கள் உடைமையாக இருந்ததா? இலாபம் எவ்வளவு, அது பிறகு மாறுமா? தவணை பிந்தினால் சேர்க்கிற தொகை தர்மத்துக்குப் போகிறதா, உங்கள் வருமானத்துக்கா? நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

எதிர்ப்பக்கத்து ஆசிரியர்கள்

எங்களோடு போட்டி போடுகிற ஆசிரியர்கள் யார் தெரியுமா? ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டக்காரர்கள். நல்ல ஹோட்டல் மண்டபம், நல்ல தமிழ், மேடையில் ஏறி "எனக்கு இவ்வளவு கிடைத்தது" என்று சொல்ல உறவுக்காரர் ஒருவர், சான்றிதழ், அடுத்த நாளே வட்ஸ்அப் குழு. பாடம் நடத்துகிற முறையில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். 2023 ஓகஸ்டில் எம்டிஎஃப்இ என்ற செயலி விழுந்தபோது இலங்கையிலும் பங்களாதேஷிலும் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது. ஒன்மெக்ஸ்டிடி போன்றவற்றோடு எம்டிஎஃப்இயையும் மத்திய வங்கி அந்த வருடம் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது.

வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இப்படியான திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, பிரசாரம் செய்வதும் குற்றம். ஆனால் சட்டத்தைச் சொன்னால் சனம் கேட்பதில்லை. மச்சான் சொன்னதை மறுத்துப் பேசுவது எங்கள் ஊரில் கஷ்டம். அதனால் உறவை முறிக்காமல் மறுக்கிற வார்த்தைகளை நாங்கள் வகுப்பில் பழக்குகிறோம். "மச்சான், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. நான் 1935க்கு எடுத்துக் கேட்டுட்டு வாறன்." 1935 மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவின் இலக்கம். இருவர் இருவராக நின்று இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் தடவை வெட்கமாக இருக்கும். வாயில் ஒருமுறை வந்துவிட்டால் தேவைப்படுகிற இடத்திலும் வரும்.

பாடத்தைக் கம்பனிக்கும் கொண்டுபோங்கள்

இந்தியாவில் போனில் காசு அனுப்புகிற யூபிஐ முறையின் கதை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016இல் வந்த அந்த முறையில், இன்னொருவரிடம் காசு கேட்டுக் கோரிக்கை அனுப்புகிற வசதி இருந்தது. அதை மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்குக் காசு வருகிறது, பின் நம்பரை அடியுங்கள்" என்பார்கள். அடித்தவரின் காசு போய்விடும். காசு வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்று பல வருடங்கள் விளம்பரம் செய்தார்கள். கடைசியில் தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 ஒக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள்.

பல வருடப் பாடத்தைவிட அந்த ஒரு மாற்றம் கூடுதலாகக் காப்பாற்றும். ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப ஆட்கள் விடுகிறார்கள் என்றால் பிழை பெரும்பாலும் பொருளில் இருக்கிறது. வகுப்பை நடத்துகிறவரைவிட இதை முதலில் காணக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அதை எழுதி, மேலே கொண்டுபோய், சண்டை பிடிக்க வேண்டும். தமிழில் வாழ்கிற வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் போனால், அதை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலையாக இருக்கக் கூடாது. 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நிறுவனங்களின் கடமைகளை எழுத்தில் வைத்திருக்கின்றன. உள்ளே பேசுகிறபோது அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்போது எல்லாரும் ஏஐ பற்றிக் கேட்கிறார்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிற கருவிகள் வந்துவிட்டன. இரவு பத்து மணிக்கு ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பதில் சொல்ல ஒன்று இருப்பது நல்லதுதான். வாசிக்கக் கஷ்டப்படுகிறவருக்குக் குரலில் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் பதில் பிழைத்தால் பொறுப்பு யாருக்கு என்பதை முதலில் தீர்க்க வேண்டும். 2024 பெப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், எயார் கனடாவின் சட்பொட் பயணிக்குக் கொடுத்த பிழையான தகவலுக்கு நிறுவனமே பொறுப்பு என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

எதை எண்ணுவது

மேலிடம் எண்கள் கேட்கும், கேட்பதில் பிழையில்லை. வந்தவர்கள் எத்தனை பேர், வீடியோவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், வகுப்புக்குப் பிறகு கணக்குத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டுவதுதான் வழக்கம். முதல் இரண்டும் எங்கள் உழைப்பைக் காட்டுகின்றன, மூன்றாவது விற்பனையைக் காட்டுகிறது. வாடிக்கையாளர் என்ன படித்தார் என்பது அவற்றில் இல்லை.

நான் கேட்டு வாங்குகிற எண்கள் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர்? படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? கேட்க வந்ததைவிடக் குறைந்த கடன் எடுத்தவர்கள், எடுக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? சந்தேகமான அழைப்பு வந்ததும் எங்களுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்? முறைப்பாடுகள் கூடினால் முகாமையாளர் பயப்படுவார். முதல் சில மாதங்கள் கூடத்தான் செய்யும், அதுவரை வாய் மூடி இருந்தவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் சம்பளம் தருகிற நிறுவனம் விற்று வாழ்கிறது. விற்பனைப் பிரிவின் கீழ் இந்த வேலையை வைத்தால் பாடம் மெல்ல மெல்ல விளம்பரமாகிவிடும். சேவைப் பிரிவின் கீழோ, முறைப்பாடுகளைப் பார்க்கிற பிரிவின் கீழோ இருக்கக் கேளுங்கள். முடியாவிட்டால், வகுப்பு நடக்கிற இடத்தில் அன்று படிவம் நிரப்புவதில்லை என்ற ஒரு விதியையாவது எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் அந்த விதியோடுதான் முற்றங்களுக்குப் போகிறோம். படிவக் கட்டு கையில் இல்லாமல் போகிறவரிடம் சனம் வேறு மாதிரிக் கதைக்கிறது.

புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அடுத்த வகுப்பில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, எங்கள் லோனை யார் எடுக்கக் கூடாது, எந்த மாதத்தில் எடுக்கக் கூடாது, எதற்காக எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மகளின் கல்யாணத்துக்கு வீட்டு உறுதியை வைக்க வருகிற வாப்பாவிடமும், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் கேட்டு வருகிற ராத்தாவிடமும் "இப்ப வேணாம், முதல்ல உட்காந்து கணக்குப் பார்ப்பம்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த மாத இலக்கு கொஞ்சம் குறையலாம். ஆனால் அன்றைக்கு அப்படிச் சொன்ன இடத்துக்குத்தான், உண்மையில் கடன் தேவைப்படுகிற நாளில், அவர்கள் கேள்விகளோடு திரும்பி வருவார்கள்.